ஒரு வீட்டில் இரண்டு அழைப்புக்குறிகள்

திருகோணமலை இறக்கக்கண்டிப் பக்கத்தவர்களுக்கு வானொலி என்றால் கண்ணில் நிற்பவை ‘ஜேர்மன் வானொலி’ கம்பங்கள்தான். டொய்ச்ச வெல 1980களில் அமைத்த அந்த மறுஒலிபரப்பு நிலையம் இப்போது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் இருக்கிறது. கடல் கடந்து பேச அத்தனை பெரிய கம்பம் வேண்டும் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வருகிறது.

வேண்டியதில்லை. அங்குள்ள சிற்றலை ஒலிபரப்பியின் வலு 250 கிலோவாட். பொழுதுபோக்கு வானொலிக்காரர், அதாவது ஹாம், பெரும்பாலும் 100 வாட்டில் பேசிவிடுவார். ஒலிபரப்பு, வீட்டுக்கு வீடு சின்னப் பெட்டியிலும் தெளிவாகக் கேட்கவேண்டும். ஹாமுக்கு மறுமுனையில் காதைக் கூர்மையாக்கி ஒருவர் இருந்தால் போதும். 14 மெகாஹேர்ட்ஸில் பேச, இரண்டு பனைகளுக்கு நடுவே சுமார் 10 மீற்றர் செப்புக்கம்பி கட்டலாம். அயனமண்டலம் அலையைத் திருப்பி அனுப்பும். உப்புநீருக்கு அருகே நிலைக்குத்தாக நட்ட அன்ரனா இன்னும் தூரம் போகும். களப்பும் கடலும் சேரும் இந்த ஊருக்கு அது வாய்த்த வரம்.

“அவருக்கு லைசன்ஸ் இருக்குத்தானே, மனுசியும் பேசலாம்” என்பார்கள். இதுவும் தவறு. மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் போல, பரீட்சையில் தேறியவருக்கே இதுவும் சொந்தம். ராஜீவ் காந்தியின் அழைப்புக்குறி, அதாவது வானொலியில் அவரை அடையாளம் காட்டும் குறி, வி.யூ.2 ஆர்.ஜி; சோனியா காந்திக்கு வி.யூ.2 எஸ்.ஓ.என் என்று தனிக்குறி. மனைவி தன் பெயரில் பரீட்சை எழுதி, தன் குறியைச் சொல்லி உலகத்தை அழைக்கிறாள் என்பதுதான் எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் மிகப் பிடித்த விசயம். வீட்டில் ஒரு சிக்கல் மட்டும் உண்டு: ஒருவர் அனுப்பும்போது அதே அலைவரிசையில் மற்றவரின் பெட்டி செவிடாகிவிடும். முறைவைத்துப் பேசவேண்டும், அல்லது வேறு அலைவரிசைக்குப் போகவேண்டும்.

பெண்கள் இதில் துணைக்கு இருப்பவர்கள் என்று நினைப்பவர்கள் இந்திய ஹாம் பாரதி பிரசாத்தை அறிந்துகொள்ள வேண்டும். 2004 டிசம்பரில் அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசப் போனவர் அவர். 26ஆம் திகதி சுனாமி வந்ததும், போர்ட் பிளேயரிலிருந்து அவருடைய வானொலி அவசரச் செய்திகளைச் சுமந்தது.

அந்த நாளைப் பற்றி நம் கரையில் ஒரு வலிமிகுந்த நம்பிக்கை உண்டு: ஹாம்கள் இருந்திருந்தால் முன்பே சொல்லியிருப்பார்கள் என்று. நிலநடுக்கத்துக்கும் இங்கே அலை ஏறியதற்கும் இடையே ஏறக்குறைய 2 மணி நேரம் இருந்தது உண்மை. ஆனால் இந்து சமுத்திரத்தில் அன்று சுனாமி எச்சரிக்கை முறை இருக்கவில்லை. எச்சரிக்கையே வராதபோது எந்த வானொலி எதைச் சொல்லும்? அவர்கள் உதவியது அதன் பிறகுதான். தொலைபேசி செத்துப்போன ஹம்பாந்தோட்டையைக் கொழும்போடு இலங்கை ஹாம்கள் இணைத்தார்கள். 12 வோல்ற் கார் பற்றரி இருந்தால் இந்தப் பெட்டி வேலைசெய்யும். கைத்தொலைபேசி வந்தபின் இது எதற்கு என்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

கடைசியாக, இரகசியச் சங்கேதம் பற்றிய பயம். போரைக் கண்ட ஊரில் அது இயல்புதான். ஆனால் பொருளை மறைத்துப் பேசுவதைச் சர்வதேச ஹாம் விதிகளே தடுக்கின்றன. ஹாம்கள் சொல்லும் எண்களும் இரகசியமல்ல: 73 என்றால் வாழ்த்துகள், 88 என்றால் அன்பும் முத்தங்களும். எல்லா நாட்டு ஹாம்களுக்கும் தெரியும். கணவனுக்கு மனைவி 88 அனுப்பினால், அந்த அலைவரிசையில் இருக்கும் எல்லோருக்கும் அது கேட்கும்.