சிறுகதைகளில் இளமைக் கனவும் வாழ்வின் உண்மையும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

முன்னுரை

"இளங்கன்று பயமறியாது" என்பது பழமொழி. இளமைக்கு உலகம் பூந்தோட்டமாகத் தோன்றும். முள் இருப்பது காலில் தைத்த பின்னரே தெரியும். இந்தக் கனவும் அதைக் கலைக்கும் உண்மையும் மோதும் இடத்தில்தான் தமிழின் சிறந்த சிறுகதைகள் பல பிறந்துள்ளன. அத்தகைய கதையைப் படித்து முடித்ததும், "பாவம், சிறு வயது! உலகம் தெரியாமல் ஏமாந்துவிட்டாள்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். அது சரியான தீர்ப்புத்தானா? கனவு கண்டது குற்றமா, அதைக் கலைத்தது குற்றமா? நான்கு கதைகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

குளத்தங்கரையில் ஒரு சிறுமி

வ.வே.சு. ஐயர் எழுதி 1915-ஆம் ஆண்டு வெளிவந்த "குளத்தங்கரை அரசமரம்" தமிழ்ச் சிறுகதையின் தொடக்கங்களில் ஒன்றாகப் போற்றப்படுவது. ஓர் அரசமரமே இக்கதையைச் சொல்கிறது. செல்வர் வீட்டுப் பெண்ணான ருக்மணிக்குச் சிறு வயதிலேயே நாகராஜனோடு திருமணம் நடந்துவிடுகிறது. பின்னர் அவள் தந்தை பணம் போட்டு வைத்திருந்த கம்பெனி முறிகிறது. குடும்பம் ஏழ்மையில் விழுகிறது. உடனே மாப்பிள்ளை வீட்டார் தம் மகனுக்கு வேறு பெண் பார்க்கின்றனர்.

நாகராஜன் கெட்டவன் அல்லன். பெற்றோருக்கு இணங்குவது போல் நடித்து, கடைசி நேரத்தில் ருக்மணியை அழைத்துக்கொள்ளலாம் என்று திட்டமிடுகிறான். ஆனால் அந்தத் திட்டம் ருக்மணிக்குத் தெரியாது. அவள் குளத்தில் மூழ்கி உயிர் விடுகிறாள்.

இங்கே மயக்கத்தில் இருந்தவர் யார்? கணவன் கைவிடமாட்டான் என்று நம்பிய ருக்மணியின் நம்பிக்கை பொய்யன்று. வாழ்க்கையை நாடகம் போல் நடத்தி, கடைசிக் காட்சியில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று எண்ணிய நாகராஜனே மயங்கியவன். பணத்தை எண்ணிப் பெண்ணை மதித்த பெரியவர்களோ கண்ணைத் திறந்துகொண்டே தீங்கு செய்தவர்கள்.

கதவே பேருந்தான கதை

கி. ராஜநாராயணனின் "கதவு" கதையில் வருபவர்கள் இன்னும் சிறியவர்கள். லட்சுமியும் அவள் தம்பி சீனிவாசனும் வீட்டுக் கதவையே பஸ்ஸாக்கி விளையாடுகின்றனர். அதில் தொற்றிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினால் போதும். பஸ் திருநெல்வேலிக்கே போய்விடும்! பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் பயணிகளாக வந்து சேர்கின்றனர். தந்தை பிழைப்புத் தேடி வெளியூர் போயிருக்க, தாய் கூலி வேலை செய்யும் வறிய வீடு அது.

ஒரு நாள் தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றி எடுத்துப் போய்விடுகின்றனர். கதவில்லாத வீட்டில் குளிர் புகுகிறது, கைக்குழந்தை இறந்துபோகிறது. பின்னொரு நாள் தங்கள் கதவு கிடக்கும் இடத்தைக் கண்டுகொண்ட குழந்தைகள் அதை ஆசையோடு கட்டிப் பிடித்துக்கொள்கின்றனர்.

குழந்தைகளுக்குக் கதவு ஒரு பஸ். வரி வசூலிப்பவருக்கு அது பாக்கிக்கு ஈடான ஒரு பொருள். தாய்க்கோ குளிரையும் நாய்களையும் தடுக்கும் ஒரே காவல். மூவர் பார்வையில் எது உண்மை? குழந்தைகள் கண்டது கற்பனைதான். ஆனால் அந்தக் கற்பனையால் யாரும் சாகவில்லை. கணக்குப் புத்தகத்தின் உண்மையே ஓர் உயிரைக் கொண்டு போயிற்று.

நம் மண்ணின் பார்வதி

மூன்றாவது கதை நமக்கு மிக அருகில் உள்ளது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ஆம் ஆண்டு பிறந்த மூதறிஞர் ராஜாஜி, அரசியல் தலைவராக மட்டுமன்றிச் சிறுகதை ஆசிரியராகவும் விளங்கினார். அவருடைய "திக்கற்ற பார்வதி" என்னும் கதை, இன்பமாக வாழத் தொடங்கிய ஓர் ஏழைத் தம்பதியைப் பற்றியது. கணவன் குடிக்கு அடிமையாகிறான், கடன் வளர்கிறது, கடன் வழியாக நுழைந்த தீமை பார்வதியின் வாழ்வையே அழித்துவிடுகிறது.

இது ராஜாஜிக்கு வெறும் கதையன்று. 1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானபோது அவர் மதுவிலக்கை முதன்முதலில் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தார். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1965-இல் தருமபுரி மாவட்டமும், 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிந்தது பின்னாளைய வரலாறு. 1971-இல் தமிழகத்தில் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டபோது முதுமையிலும் அவர் அதை எதிர்த்தார். மறு ஆண்டு மறைந்தார். 1974-இல் சிங்கீதம் சீனிவாசராவ் இக்கதையைத் திரைப்படமாக்கினார். தொரப்பள்ளியிலேயே எடுக்கப்பட்ட அப்படம் சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருது பெற்றது.

கணவனும் குழந்தையும் சிறு வீடும் வேண்டும் என்பதுதான் பார்வதியின் கனவு. இதைவிடச் சிறிய கனவு உண்டா? அதுகூட நிலைக்கவில்லை என்றால், ஆசை அதிகம் என்று அவளைக் குறை கூற முடியுமா? கள்ளையும் கடனையும் அன்றோ கேட்க வேண்டும்!

ஒரே மழை, இரண்டு முடிவுகள்

ஜெயகாந்தனின் "அக்கினிப் பிரவேசம்" 1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்து பெரும் விவாதத்தை எழுப்பியது. மழையில் நின்ற ஒரு கல்லூரி மாணவி, முன்பின் அறியாதவனின் காரில் ஏறி ஏமாற்றப்படுகிறாள். அழுதுகொண்டு வீடு திரும்பிய மகளைத் தாய் முதலில் ஆத்திரத்தில் அடிக்கிறாள். பிறகு தன்னை அடக்கிக்கொண்டு, மகள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ தூய்மையானவள் என்று தேற்றி அணைத்துக்கொள்கிறாள்.

இம்முடிவைப் பலர் ஏற்கவில்லை. அந்தத் தாய் வேறு விதமாக நடந்திருந்தால் என்ன ஆகும் என்று காட்டுவது போல், ஜெயகாந்தன் "சில நேரங்களில் சில மனிதர்கள்" என்னும் நாவலை எழுதினார். அதில் தாய் போட்ட கூச்சலில் ஊருக்கெல்லாம் செய்தி தெரிந்துவிடுகிறது. அண்ணன் தங்கையை வீட்டை விட்டு விரட்டுகிறான். கங்கா படித்து, வேலைக்குச் சென்றும், அந்தப் பழி அவளை விட்டு நீங்கவில்லை. இந்நாவலுக்கு 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது.

பெண்ணின் அறியாமை இரண்டிலும் ஒன்றே. அவளுக்கு நேர்ந்த கொடுமையும் ஒன்றே. வேறுபட்டது வீட்டில் உள்ளவர்கள் நடந்துகொண்ட முறை மட்டுமே. ஒரு வாளித் தண்ணீர் ஒருத்தியை வாழ வைத்தது. ஒரு கூச்சல் மற்றொருத்தியைத் தனிமரமாக்கியது.

நமது வட்டாரத்தில்

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின் ஓசூரின் முகமே மாறிற்று. வாகனத் தொழிற்சாலைகளும் கடிகாரத் தொழிற்சாலையும் வந்தன. இன்று மின்னணுத் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் பணிபுரிகின்றனர். "பிளஸ் டூ முடித்ததும் கம்பெனி வேலை, முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை" என்பது நம்மில் பலர் காணும் கனவு. ஷிப்டு முறையும், விடுதி வாழ்க்கையும், ஒப்பந்த வேலையின் நிலையாமையும் அக்கனவில் தெரிவதில்லை. அதனால் கனவே வேண்டாம் என்பதா? சம்பளம் எவ்வளவு, வேலை நிரந்தரமா, மேலே படிக்க வழியுண்டா என்று முன்கூட்டியே கேட்டறிந்து, கனவுக்கு அடித்தளம் போடுவதே அறிவுடைமை.

மற்றொரு புறம், தளி, அஞ்செட்டி மலைக் கிராமங்களில் நம் வயதுப் பெண்களுக்குத் திருமணம் நடந்ததாகச் செய்தித்தாள்களில் இன்றும் படிக்கிறோம். 18 வயது நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது சட்டப்படி குற்றம். 1098 என்னும் எண்ணில் உதவி கேட்கலாம். ருக்மணியின் காலம் முடிந்துவிட்டது என்று நாம் எண்ணினால், மயக்கத்தில் இருப்பவர்கள் நாமே.

முடிவுரை

இந்த நான்கு கதைகளிலும் கனவைக் கலைத்தது "விதி" என்னும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றன்று. பணாசை, வரி பாக்கி, கள், கடன், வஞ்சகம், ஊர்ப்பழி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பெயர் தெரிந்த தீமையைத் தடுக்கவும் முடியும். மதுவிலக்குச் சட்டம் எழுதிய கைதான் பார்வதியின் கதையையும் எழுதியது என்பது இதற்குச் சான்று.

ஆகவே தோழியரே, இத்தகைய கதைகளைப் படிக்கும்போது "பாவம்" என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அவள் எதை நம்பினாள், அந்த நம்பிக்கையை உடைத்தது எது, யார் ஒருவர் வாய் திறந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று கேளுங்கள். அந்த ஒருவராக நாமே இருக்க வேண்டிய நாள் வரலாம். அன்று ஒரு வாளித் தண்ணீரோடு நிற்கும் மனம் நமக்கு வாய்க்குமாயின், கதை படித்த பயனை நாம் அடைந்தவராவோம்.