நல்லதங்காளும் நீலியும்: கொடுமைக்கு ஆளான பெண் புரியும் கொலையும் சட்டத்தின் காலக்கணக்கும்

ஆய்வுச் சுருக்கம்

குடும்ப வன்முறைக்கு ஆளான பெண், தாக்குதல் நிகழும் கணத்தில் தாக்குவோனைக் கொன்றால் தற்காப்புரிமை அவளைக் காக்கிறது. அக்கணம் கடந்தபின் கொன்றால் கொலைக்குற்றம் சூழ்கிறது. இவ்விடைவெளியைச் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு கதைப்பாடலின் பெயரால் ஓரளவு நிரப்பியது. அப்பெயர் யாரைக் காக்கிறது, யாரைப் புறத்தே நிறுத்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நல்லதங்காள், பழையனூர் நீலி, கதைப்பாடல், தொடர் சினமூட்டல், தற்காப்புரிமை

கணமும் காலமும்

தாம்பரத்தை ஒட்டிய வண்டலூர் ஓட்டேரியில், மகளிடம் அத்துமீற முயன்ற கணவரைத் தாக்கிக் கொன்ற பெண்ணின் மீது முதலில் கொலை வழக்கே பதிவாயிற்று. பின்னர் அது இந்திய தண்டனைச் சட்டத்தின் தற்காப்புரிமைப் பிரிவான 100க்கு மாற்றப்பட்டு அவர் விடுவிக்கப்பட்டார். 2012இல் மதுரையிலும் இதனை ஒத்த நிகழ்வில் காவல்துறை இவ்வாறே முடிவெடுத்தது. 2021 ஜனவரியில் சோழவரத்தில் தம்மை வன்புணர முயன்றவனைக் கொன்ற இளம்பெண்ணும் இப்பிரிவின்கீழேயே விடுவிக்கப்பட்டார். மூன்றிலும் ஆபத்து கண்முன் நின்றது என்பது கருதத்தக்கது. இதே பெண்கள் ஒரு நாள் கழித்துக் கொன்றிருப்பின் பிரிவு 100 உதவியிராது. அப்போது எஞ்சுவது பிரிவு 300இன் முதல் விதிவிலக்கு. அதுவோ ‘கடுமையான, திடீரென்ற’ சினமூட்டலைக் கோருகிறது. கொலைக்குற்றம் உறுதியானால் ஆயுள் தண்டனைக்குக் குறைவாக விதிக்க நீதிபதிக்கு இடமில்லை. தண்டனையின் கடுமைக்கு நீதிபதியின் மனத்தைவிடச் சட்டத்தின் இந்த அமைப்பே முதற்காரணம்.

‘திடீர்’ என்பதன் அளவுகோல் எங்கிருந்து வந்தது? நானாவதி வழக்கில் 1961இல் உச்சநீதிமன்றம், மனைவியின் உறவை அறிந்ததற்கும் கொலைக்கும் இடையே கழிந்த ஏறத்தாழ மூன்று மணி நேரம் சினம் ஆறப் போதுமானது என்றது. பொறாமையுற்ற கணவனின் சினத்தை அளக்க இக்கணக்குப் பொருந்தலாம். பத்தாண்டுகள் அடிபட்டவளுக்குக் காலம் சினத்தை ஆற்றுவதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுகிறது.

கதைப்பாடல் தந்த பெயர்

கணவனின் கொடுமை தாளாது குழந்தைகளுடன் கிணற்றில் விழுந்து, தான் மட்டும் பிழைத்த பெண்ணின் வழக்கில், 1989இல் நீதிபதி டேவிட் அன்னுசாமி இடம்பெற்ற அமர்வு இச்சிக்கலை எதிர்கொண்டது. நீண்ட காலம் பரவிய பல செயல்களின் தொகுதி, இறுதியில் ஓர் அற்பச் செயலாலும் வெடிக்கக்கூடும். இது சட்டநூல் கூறும் திடீர்ச் சினமூட்டலன்று, நீதிமன்றங்கள் சேர்த்த ‘தொடர் சினமூட்டல்’ என்று அத்தீர்ப்பு விளக்கியது. இவ்வகை வழக்குகளுக்கு ‘நல்லதங்காள் நோய்க்குறி’ என்ற பெயரும் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புகளில் வழங்கலாயிற்று.

பெயர்த்தேர்வு தற்செயலானதன்று. நல்லதங்காள் கதைப்பாடலின் கட்டமைப்பே அடுக்குமுறைதான். பஞ்சம், ஏழு பிள்ளைகளுடன் நடந்த நெடுவழி, அண்ணன் மனைவி மூளி அலங்காரி அடைத்த கதவு, பிள்ளைகளின் பசியைக் கண்டும் இரங்காத அவள் சொல் என ஒவ்வொன்றாக ஏறும். தனித்தனியே எடுத்தால் எதுவும் ஓர் உயிருக்கு ஈடாகாது. கேட்போர் கிணற்றங்கரையில் அவளைக் கொலைகாரியாகக் காணாதிருப்பது, பாடகர் அவர்களை அத்தனை படிகளிலும் உடன் நடத்திவந்ததனால்தான். வழக்குரைஞர் சாட்சியம் கொண்டு செய்ய வேண்டியதும் ஏறக்குறைய இதுவே.

ஆயினும் பெயர் மாற்றிய சிலவற்றையும் நோக்க வேண்டும். கதைப்பாடலில் குற்றவாளி மற்றொரு பெண். கணவன் காசிராசன் கொடியவனல்லன். தீர்ப்போ பழியை உரிய இடத்திற்கு, கணவனின் வீட்டிற்கு, நகர்த்தியது. இது கதைக்குக் கிடைத்த நல்ல மறுவாசிப்பு. மற்றொன்று அத்துணை எளிதன்று. முதல் விதிவிலக்கு, சினமூட்டியவரே இறந்திருக்க வேண்டும் என்கிறது. தவறுதலாகப் பிறர் இறந்தால் மட்டுமே அது தளரும். கிணற்றில் இறந்த குழந்தைகள் யாருக்கும் சினமூட்டியவர்களல்லர். அவ்வெல்லையையும் கடந்து இரக்கம் நீண்டது. ஆனால் இரக்கத்திற்கு இலக்கணமானவள், வன்முறையைத் தன்மீதும் தன் பிள்ளைகள்மீதும் திருப்பிக்கொண்டவள். கொடுமை செய்தவனை நோக்கித் திருப்பியவளுக்கு நாட்டார் மரபில் வேறொரு பெயர் உண்டு.

நீலியின் அவை

திருவாலங்காட்டை அடுத்த பழையனூர்க் கதையில் நீலி, கணவனால் கொல்லப்பட்டவள். உயிரோடிருக்கையில் அவளால் அவனைத் தொட இயலவில்லை. பேயான பின்னரே பழிதீர்க்கிறாள். வேளாளர் எழுபதின்மர் கூடிய அவை, கண்முன் நின்ற மனைவியையும் அவள் இடுப்பிலிருந்த குழந்தையையும் கண்டு, அஞ்சி நடுங்கியவனை அவளோடு அனுப்புகிறது. அவன் இறக்க, சொல் காத்து அவர்களும் உயிர் துறக்கின்றனர். சம்பந்தர் பதிகமே குறிப்பால் சுட்டும் தொன்மையுடைய இக்கதை, வேளாளரின் வாய்மைக்குச் சான்றாகவே பெரிதும் போற்றப்பட்டது. முதற்கொலை பின்னணியில் மங்கிவிட்டது. ‘நீலி’ என்பது வசைச்சொல்லாயிற்று; ‘நீலிக்கண்ணீர்’ பொய்யழுகைக்குப் பெயராயிற்று. அவையோர் பொய்யர் அல்லர்; அன்று கண்டதை மட்டும் கொண்டு தீர்த்தனர். முன்பு நடந்தது அவர்கள் விசாரணைக்குள் வரவேயில்லை.

கௌகாத்தி உயர்நீதிமன்றம் 2013இல், அடித்துக்கொண்டிருந்த கணவனைத் திருப்பி அடித்துக் கொன்ற பெண்ணின் தண்டனையைக் குறைத்தபோது, வதைக்குள்ளான பெண்ணின் உளநிலையை விரிவாக ஆராய்ந்தது. கொடுமை செய்தவனே இறந்த வழக்கு என்ற வகையில் அது முக்கியமானது. எனினும் அங்கும் கொலை அடிதடியின் நடுவிலேயே நிகழ்ந்தது. உறங்கிய கணவனைத் தீயிட்டுக் கொன்ற கிரண்ஜித் அலுவாலியாவுக்கு இங்கிலாந்தில் 1989இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1992இல் மேல்முறையீட்டுக்குப்பின் கொலைக்குற்றம் நீங்கி விடுதலை கிடைத்தது. அந்நாடு 2009ஆம் ஆண்டுச் சட்டத்தில், தன்னிலை இழப்பு திடீரென நிகழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவோ பிரிவு 101இல் ‘திடீர்’ என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொண்டது. ஓட்டேரிப் பெண்ணைக் காத்த பிரிவும் 38 என எண் மாறியதன்றிப் பொருள் மாறவில்லை. அந்த வீட்டிலேயே கொலை மறுநாட் காலையில், அவன் உறங்குகையில் நிகழ்ந்திருந்தால், நீதிமன்றத்தில் அவளுக்காகச் சொல்லக்கூடியது சென்னையின் 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அதன் வழிவந்தவையுமே. அவையும் கிணற்றங்கரையில் நின்றவளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை.