தண்டவாளத்தை ஆள வந்த மருத்துவர்

அன்புள்ள கயல்,

சிறந்த நிர்வாகி என்ற தலைப்பில் பேச கோத்தோ ஷிம்பெயைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய். மகிழ்ச்சி. ஆனால் அவருடைய திறமையை மட்டும் தனியே பிரித்துப் பேசிவிடாதே அம்மா.

1905இல் ரஷ்யாவை வென்ற ஜப்பான், போர்ட்ஸ்மவுத் உடன்படிக்கையின் மூலம் தெற்கு மஞ்சூரியாவின் ரயில் பாதையைப் பெற்றது. மண் சீனாவுடையது, பேரம் பேசியவர்கள் அந்நியர் இருவர். பாதையை நடத்த 1906இல் தெற்கு மஞ்சூரிய ரயில்வே கம்பெனி உருவானது. பங்குகளில் பாதி ஜப்பான் அரசின் கையில். முதல் தலைவர் கோத்தோ.

அவர் படித்தது மருத்துவம். எட்டு ஆண்டுகள் தைவானின் சிவில் நிர்வாகத்தை நடத்தியவர். மஞ்சூரியப் பதவியை முதலில் மறுத்தார். வற்புறுத்திய, தைவானில் அவருடைய மேலதிகாரியாக இருந்த ஜெனரல் கொடாமா திடீரென்று இறந்துபோகவே ஏற்றுக்கொண்டார்.

நோயாளியைச் சோதிக்காமல் மருந்து எழுதாத பழக்கம் அவரை விடவில்லை. 1907இலேயே கம்பெனிக்குள் ஓர் ஆய்வுத் துறையை அமைத்தார். நில உரிமை, ஊர் வழக்கம், விளைச்சல், கனிவளம் என எல்லாவற்றையும் விசாரித்து எழுத ஆட்களை அமர்த்தினார். ஒரு ரயில் கம்பெனிக்கு இது அபூர்வம். இந்த இடத்தை நீ விரிவாகவே பேசலாம்.

அந்த அறிவு யாருக்காக என்பதையும் உடனே சொல்லிவிடு. கம்பெனி கட்டும் மருத்துவமனையும் பள்ளியும் துறைமுகமும் போர் வந்தால் படைக்குக் கைகொடுக்க வேண்டும். இதை அவர் ஒளித்துவைக்கவில்லை, கொள்கையாகவே முன்வைத்தார். கம்பெனியின் ஃபூஷுன் நிலக்கரிச் சுரங்கத்தில் 1917இல் நடந்த வெடிவிபத்தில் 900க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். கம்பெனியைப் புகழும் எந்தப் பேச்சிலும் அவர்கள் விடுபடக் கூடாது.

கோத்தோ தலைமையில் இருந்தது இரண்டு ஆண்டுகூட இல்லை. 1908இல் அமைச்சராகிப் போய்விட்டார். அவர் போட்ட அடித்தளம் நின்றது. பாதையைக் காக்க நிறுத்திய காவல்படையிலிருந்து வளர்ந்ததுதான் குவாந்துங் ராணுவம். 1931 செப்டம்பர் 18 இரவு, அதன் அதிகாரிகளே முக்டென் அருகில் கம்பெனித் தண்டவாளத்தில் குண்டு வைத்து, பழியைச் சீனர்மேல் போட்டு, மஞ்சூரியா முழுவதையும் பிடித்தார்கள். 1933இல், அதைக் கண்டித்த சர்வதேச சங்கத்திலிருந்து ஜப்பான் குழுவை வெளியே நடத்திவந்த மாட்சுவோக்கா யோசுகே 1935இல் கம்பெனித் தலைவரானார்.

ஆய்வுத் துறை என்ன ஆனது என்று கேட்பாய். 1942, 43இல் அதன் ஆய்வாளர்கள் பலரை, இடதுசாரிகள் என்று சொல்லி, குவாந்துங் ராணுவத்தின் ராணுவப் போலீஸே பிடித்துச் சிறையில் தள்ளியது. சிலர் அங்கேயே இறந்தார்கள்.

பேச்சை எழுதியதும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா