ஆய்வுக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது?

மாணவர்களே, சிங்கப்பூர் முதியோரில் எத்தனை பேருக்கு முதுமை மறதிநோய் உள்ளது என்று கண்டறியும் பொறுப்பு உங்களிடம் வருகிறது என வைத்துக்கொள்வோம். எங்கிருந்து தொடங்குவீர்கள்?

மருத்துவமனைப் பதிவுகளை மட்டும் எண்ணினால், “வயதானால் மறதி வரத்தான் செய்யும்” என்று வீட்டிலேயே விட்டுவிடப்பட்டவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். “விருப்பமுள்ளோர் வரலாம்” என்று சமூக மன்றத்தில் அறிவிப்பு ஒட்டினால், பெரும்பாலும் நல்ல உடல்நலமும் கல்வியும் உள்ளவர்களே வருவார்கள். இரண்டு வழியிலும் எண்ணிக்கை உண்மையைவிடக் குறையும். இதைத் தேர்வுச் சாய்வு என்பர்.

மனநலக் கழகம் 2012, 2013ஆம் ஆண்டுகளில் நடத்திய ஆய்வைப் பாருங்கள். 60 வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களின் பட்டியலிலிருந்து, குலுக்கல் போடுவதுபோலப் பெயர்கள் எடுக்கப்பட்டன. ஆய்வாளர்கள் அவர்களைத் தேடி வீட்டுக்கே சென்றனர். ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என முதியவருக்குப் பழக்கமான மொழியில் பேசினர். சொற்பட்டியலைக் கேட்டு நினைவிலிருந்து திரும்பச் சொல்வது போன்ற சோதனைகள் நடந்தன. முதியவரை நன்கு அறிந்த ஒருவரிடமும் கேள்விகள் கேட்கப்பட்டன. தெரியாத மொழியில் சோதித்தால், மொழிக் குறைபாடு மறதிபோல் தோன்றிவிடும் அல்லவா?

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் மக்கள்தொகையில் இந்தியர் ஏறத்தாழ 9 விழுக்காடு. அதே விகிதத்தில் 1,000 பேரைத் தேர்ந்தெடுத்தால் இந்தியர் சுமார் 90 பேரே இருப்பர். அவ்வளவு சிறிய எண்ணிக்கையிலிருந்து உறுதியான முடிவு கிடைக்காது. ஆகவே மலாய்க்காரர்களும் இந்தியர்களும் கூடுதலாகச் சேர்க்கப்பட்டனர். மொத்த விகிதத்தைக் கணக்கிடும்போது அந்தக் கூடுதல் சரிசெய்யப்பட்டது.

மொத்தம் 2,565 பேர் பங்கேற்றனர். சுமார் 10 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருப்பதாகத் தெரியவந்தது. 2023இல் மீண்டும் நடந்த ஆய்வில் அது 8.8 விழுக்காடாகக் குறைந்திருந்தது. முறையாக ஆளைத் தேர்ந்தெடுத்ததால்தான் இரண்டு எண்களையும் ஒப்பிட முடிகிறது.

ஆனால், முதல் ஆய்வில் அணுகப்பட்டவர்களில் மூவரில் இருவரே பங்கேற்றனர். மறுப்பது அவரவர் உரிமை. ஒப்புதலின்றி ஆய்வு இல்லை. சில வீடுகளில் “வேண்டாம்” என்று சொல்வது முதியவர் அல்லர், கதவைத் திறக்கும் பிள்ளையோ பேரனோதான். அடுத்த முறை கதவு தட்டப்பட்டால், பதில் சொல்வதற்கு முன் தாத்தாவிடமும் பாட்டியிடமும் விவரத்தைச் சொல்லி, அவர்கள் விருப்பத்தைக் கேளுங்கள்.

சிந்திக்க: பங்கேற்காதவர்களில் மறதிநோய் உள்ளவர்கள் அதிகம் என்றால், உண்மையான விழுக்காடு கூடுமா, குறையுமா?