குறைந்த சொற்களில் ஒரு கதை: ஜப்பானிய மொழியில் எழுதிப் பார்த்த அனுபவம்

இரண்டாம் மொழி வகுப்பில் பார்த்து எழுதுதல், கோடிட்ட இடம் நிரப்புதல், வினாவுக்கு விடை எழுதுதல் எல்லாம் தவறாமல் நடக்கின்றன. கதை எழுதுவது மட்டும் “மொழி நன்றாக வரட்டும், பிறகு பார்க்கலாம்” என்று தள்ளிப்போகிறது. அந்தப் ‘பிறகு’ பல மாணவர்களுக்கு வருவதே இல்லை. ஜப்பானிய மொழியைத் தொடக்க நிலையில் கற்றுவரும் நான், அம்மொழியில் சிறுவர் கதை ஒன்றை எழுதினேன். குறைந்த சொற்களை வைத்துக்கொண்டு எழுதும்போது கற்றல் எப்படி நிகழ்கிறது என்பதை அந்த வேலை எனக்குக் காட்டியது. நம் வகுப்பறைக்கும் அது பயன்படும் என்பதால் பகிர்கிறேன்.

சிறுவர் கதை ஏன்?

ஜப்பானிய மொழி ஹிரகானா, கதகானா, கஞ்சி என மூன்று எழுத்து முறைகளைக் கலந்து எழுதப்படுகிறது. முதல் இரண்டும் ஒலியெழுத்துகள். ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்துகள் 46. கஞ்சி என்பவை சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்துகள். ஜப்பானியக் குழந்தைகள் தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளில் 1026 கஞ்சிகளைக் கற்கிறார்கள்; முதல் வகுப்பில் 80 மட்டுமே. அதனால் சிறு குழந்தைகளுக்கான புத்தகங்கள் பெரும்பாலும் ஹிரகானாவிலேயே இருக்கும். பெரியவர்களுக்கான எழுத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. குழந்தைகளுக்கான புத்தகத்தில் இடைவெளி விட்டு அச்சிடுகிறார்கள்.

ஆக, முதல் வகுப்புக் குழந்தைக்கும் என்னைப் போன்ற புதிய மாணவருக்கும் கையிருப்பு ஏறத்தாழ ஒன்றுதான். என் சொற்பஞ்சம் அங்கே குறை ஆகவில்லை. வாசகருக்கு ஏற்ற அளவாகிவிட்டது. ஜப்பானியப் பள்ளிகளில் கட்டுரை எழுத 400 கட்டங்கள் கொண்ட தாளைப் பயன்படுத்துவார்கள். கட்டத்துக்கு ஓர் எழுத்து. என் கதை அப்படி ஒரே ஒரு தாளுக்குள் அடங்க வேண்டும் என்று வரையறுத்துக்கொண்டேன்.

கதை

மழை தூறத் தொடங்குகிறது. ஒரு பூனைக்குட்டி ஒதுங்க இடம் தேடுகிறது. நாயின் குடிலுக்குப் போய், “ஹைத்தே மோ ஈ தெஸ் கா?” என்று கேட்கிறது. ‘உள்ளே வரலாமா?’ என்று பொருள். இடமில்லை என்கிறது நாய். கோழிக்கூண்டிலும் அதே கேள்வி, அதே பதில். மழை வலுக்கிறது. தெருவோரம் ஒரு பழைய பெட்டி கிடக்கிறது. பூனை அதனிடமும் கேட்கிறது. பெட்டி, “தோஸோ” (வாருங்கள்) என்கிறது.

அனுமதி கேட்கும் இந்த வாக்கிய அமைப்பு, தொடக்க நிலைப் பாடத்தில் பயிற்சிக்காக வருவது. ‘புகைப்படம் எடுக்கலாமா?’, ‘இங்கே உட்காரலாமா?’ எனப் பயிற்சி ஏட்டில் பலமுறை எழுதியிருந்தேன். கதையில் மூன்று முறைதான் வருகிறது. ஆனால் மூன்றாவது முறை பூனை கேட்கும்போது அது நனைந்து நடுங்கிக்கொண்டிருக்கிறது. பயிற்சி வாக்கியம் அங்கே வேண்டுகோளாக மாறியது. அதன்பின் அந்த அமைப்பை நான் நினைவில் தேட வேண்டியிருக்கவில்லை.

கதைக்குள் வந்த இலக்கணம்

ஜப்பானிய வாக்கியத்திலும் வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு போன்ற இடைச்சொற்கள் பெயருக்குப் பின்னால் வரும். “நேகோ கா ஹகோ நி ஹைரிமாஷிதா” என்பதைச் சொல்வரிசை மாறாமல் ‘பூனை பெட்டிக்குள் நுழைந்தது’ எனலாம். இவ்வகை ஒற்றுமைகளைக் கொண்டு இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ முன்வைத்த கருத்தை மொழியியலாளர் பலர் ஏற்கவில்லை. தமிழ் அறிந்த மாணவருக்கு இந்த வரிசை எளிதாகக் கைவரும் என்பது மட்டும் நமக்குப் போதும்.

வேறுபாடுதான் கதைக்கு உதவியது. தமிழில் ‘பூனை இருந்தது’, ‘பெட்டி இருந்தது’ என இரண்டுக்கும் ஒரே வினை. ஜப்பானிய மொழியில் உயிருள்ள, நடமாடும் பொருளுக்கு ‘இமாஷிதா’, மற்றவற்றுக்கு ‘அரிமாஷிதா’. எனவே பூனைக்கு முதல் வினை, பெட்டிக்கு இரண்டாவது. கதை முடியும்போது மழை விட்டிருக்கிறது. ‘அங்கே இரண்டு நண்பர்கள் இருந்தார்கள்’ என்ற கடைசி வரிக்கு எந்த வினை? இருவரில் ஒருவர் பெட்டி ஆயிற்றே! ‘இமாஷிதா’ என்றே எழுதினேன். எண்ணிக்கைக்கும் மனிதரை எண்ணும் ‘ஃபுதாரி’ என்ற சொல்லையே இட்டேன். பெட்டி உயிர் பெற்றுவிட்டதை வினைச்சொல்லே சொல்லிவிட்டது. நம் கதைகளில் ‘சிங்கராஜா வந்தார்’ என்று அஃறிணையை உயர்த்துகிறோமே, அதைப் போன்றதுதான் இது.

மழைக்கு ஒலிச்சொற்கள் கைகொடுத்தன. துளித்துளியாய் விழத் தொடங்கினால் ‘பொத்சுபொத்சு’. மெல்லச் சத்தமின்றிப் பெய்தால் ‘ஷிதோஷிதோ’. கொட்டித் தீர்த்தால் ‘ஸாஸா’. சலசல, தடதட என இரட்டைக்கிளவியில் வளர்ந்த நமக்கு இதன் சுவை உடனே பிடிபடும். ‘பொத்சுபொத்சு’வில் தொடங்கி ‘ஸாஸா’வுக்குப் போனாலே கதையின் நெருக்கடி கூடிவிடுகிறது, வருணனை தேவைப்படவில்லை.

எழுதியதை என் ஜப்பானிய ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் முதலில் பேனாவை எடுக்கவில்லை. உரக்கப் படித்துவிட்டு, “அந்தப் பெட்டிக்குள் முன்பு என்ன இருந்தது?” என்று கேட்டார். திருத்தங்கள் பிறகு வந்தன. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நானே அகராதியைத் தேடிப் போனேன்.

நம் வகுப்பறையில்

நம் மாணவர்கள் வகுப்பு வாசலில் நின்று நாள்தோறும் சொல்லும் ஆங்கில வாக்கியம் ‘மே ஐ கம் இன்?’ என்பது. ஆறாம், ஏழாம் வகுப்பில் அதை வைத்தே கதை எழுதச் சொல்லலாம்.

1. வாசகரை முடிவு செய்யுங்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கான கதை என்றால் எளிய சொல்லே சரியான சொல் ஆகிவிடும்.
2. மாணவர்கள் ஏற்கெனவே அறிந்த சொற்களில் இருபதைக் கரும்பலகையில் எழுதுங்கள். புதிய சொற்கள் ஐந்துக்கு மேல் வேண்டாம்.
3. ஒரே வாக்கியம் மூன்று முறை வரட்டும். ஒவ்வொரு முறையும் நிலைமை மாறட்டும்.
4. முதலில் படித்துவிட்டுக் கதையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். பொருளைக் குழப்பும் பிழைகளை மட்டும் முதல் சுற்றில் திருத்துங்கள்.
5. ஜப்பானின் ‘கமிஷிபாய்’ என்னும் படக்கதை முறையில் அரங்கேற்றுங்கள். ஆறு அட்டைகளில் படம் வரைய வேண்டும். முதல் படத்துக்கான வரிகளைக் கடைசி அட்டையின் பின்புறமும், இரண்டாம் படத்துக்கானதை முதல் அட்டையின் பின்புறமும் எழுதி, அதே வரிசையில் தொடர வேண்டும். முன் அட்டையை எடுத்துக் கடைசியில் வைக்கும்போது, பார்ப்பவருக்கு அடுத்த படமும் படிப்பவருக்கு அதற்குரிய வரிகளும் தெரியும்.

வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் தமிழ் கற்கும் வகுப்பிலும் ‘உள்ளே வரலாமா?’ என்ற வாக்கியத்தைக் கொண்டு இதைச் செய்யலாம். நூறு தமிழ்ச் சொற்கள் மட்டுமே அறிந்த ஒரு பிள்ளை, தான் எழுதிய கதையைச் சிறு குழந்தைகளுக்குப் படித்துக் காட்டும் அந்த நாளில், அது இந்த மொழிக்கு வெளியே நிற்கும் பிள்ளை அல்ல.