கழுகைப் படம் பிடிப்பது எப்படி?

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை இடைவேளையில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் ஓடி வந்தாள். "டீச்சர், அந்தப் பருந்து இறக்கையை அசைக்காமலே மேலே மேலே போகிறதே, எப்படி?" என்று கேட்டாள். அவள் காட்டிய திசை நம் மேற்கு மலை. நான் அவசரமாக ஏதோ விடை சொல்லி வகுப்புக்கு அனுப்பினேன். மறுநாள் அவள் தன் அண்ணனின் கைப்பேசியில் எடுத்த படத்தைக் கொண்டு வந்து காட்டினாள். நீல வானத்தில் ஒரு கரும்புள்ளி, அவ்வளவுதான். அவளுக்குச் சொல்லத் தவறியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவள் கேள்வி. காலை வெயில் பட்டதும் பாறைச் சரிவும் தரிசு நிலமும் விரைவில் சூடேறுகின்றன. அவற்றின் மேலுள்ள காற்று சூடாகி, இலேசாகி மேலெழும்புகிறது. அகன்ற இறக்கையுள்ள பறவை அந்தக் காற்றுத் தூணுக்குள் வட்டமிட்டால் போதும், ஏணியில்லாமலே ஏறிவிடும். இதனால்தான் விடியற்காலை ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோர் மரக்கிளையில் குந்தியிருக்கும் பருந்தைப் பார்க்கிறார்கள்; ஒன்பது பத்து மணிக்குமேல் நாம் அதை வானத்தில் பார்க்கிறோம். உட்கார்ந்த பறவையைப் படம் எடுக்க வேண்டுமா, விடியற்காலை. பறக்கும் பறவையா, வெயில் ஏறிய பிறகு. படப்பிடிப்பின் முதல் பாடம் இதுதான்.

இன்னொரு வசதியும் நமக்கு உண்டு. சமவெளிக்காரர்கள் பருந்தின் வயிற்றைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவில் நின்றால், பள்ளத்திலிருந்து எழும் பறவை நம் கண்மட்டத்துக்கு வந்து, அதையும் தாண்டிப் போகும். அதன் முதுகையே பார்க்கலாம். (வளைவில் வண்டிகள் வரும். பெரியவர் துணையின்றி அங்கே நிற்கலாகாது.)

ஊருக்குள் காண்பவை செம்பருந்தும் கரும்பருந்தும், தோப்புகளில் வைரி. மலை ஏற ஏறக் கொண்டைப் பாம்புக் கழுகின் சீழ்க்கைக் குரல் கேட்கும். ஆனால் நம் ஏலமலைக்கு உரிய பறவை என்று நான் சொல்வது கருங்கழுகைத்தான். உடல் கறுப்பு, கால் மஞ்சள். மரங்களின் உச்சியை உரசுவதுபோல மிக மெதுவாகப் பறந்து, கிளைகளுக்குள் அணிலையும் பிற பறவைகளின் முட்டை, குஞ்சுகளையும் தேடும். ஏலச்செடி நிழலில் வளர்வது; ஆகவே தோட்டக்காரர்கள் உயர்ந்த காட்டு மரங்களை விட்டுவைக்கிறார்கள். அந்த மரங்களே கருங்கழுகுக்கும் வேட்டைக்களம். பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கருவி. தூரத்தை அருகில் காட்டும் நீண்ட லென்ஸ், அசையாமல் நிற்க முக்காலி, இவை இரண்டும் இல்லாமல் முடியாது. திரைப்படம் நொடிக்கு 24 படங்களாக ஓடுகிறது. பறவை பாய்வதை நொடிக்கு 120 படங்களாக எடுத்து, 24 வீதம் ஓட்டினால் ஒரு நொடிப் பாய்ச்சல் ஐந்து நொடியாக விரியும். கண்ணுக்குத் தப்பிய கால்விரல் மடிப்பும் அப்போது தெரியும்.

கருவியைவிடக் கடினமானது ஒளிந்திருத்தல். இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்ற சகோதரர்கள் சுமார் 1900இல் ஒரு மாட்டின் தோலைப் பொம்மை மாடாக்கி, அதன் வயிற்றுக்குள் புகுந்து நின்று பறவைகளைப் படம் எடுத்தார்கள்! சிரிக்காதீர்கள், பறவைகள் அந்த மாட்டைப் பொருட்படுத்தவில்லை. இப்போது சிறு துணிக்கூடாரம் போதும். அதைத் தொலைவில் நட்டு, நாளுக்குக் கொஞ்சமாக நெருக்குவார்கள். உள்ளே போகும்போது இருவர் போய், ஒருவர் மட்டும் வெளியே நடந்து செல்வார். ஆள் போய்விட்டான் என்று பறவை நம்பிவிடும். கணக்கு அதற்குக் கொஞ்சம் மட்டு! உள்ளே இருப்பவர் மணிக்கணக்கில் தும்மாமல், செருமாமல் உட்கார வேண்டும். எரிக் ஹாஸ்கிங் என்ற புகழ்பெற்ற படக்காரர் 1937இல் ஆந்தைக் கூட்டருகே போனபோது, தாய் ஆந்தை பாய்ந்து தாக்கியதில் ஒரு கண்ணை இழந்தார்.

கண்ணை இழப்பது மனிதர் மட்டுமல்ல. என் பன்னிரண்டாம் வயதில், விடுமுறைக்கு மாமாவின் ஏலத்தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஸ்டோருக்குப் பின்னால் ஒரு பெரிய மரத்தில் கருங்கழுகு கூடு கட்டியிருந்தது. விருந்தாளியாக வந்த ஒருவரிடம் நல்ல காமிரா இருந்தது. மறைப்பாக இருந்த கிளைகளைக் கவாத்துச் செய்யச் சொன்னார். கங்காணி ஆள் ஏற்றி வெட்டினார். காலையிலிருந்து மதியம்வரை மரத்தடியில் ஆள் நடமாட்டம்; தாய்ப்பறவை வானத்தில் கத்திக்கொண்டே சுற்றியது. முட்டையோ இலை மறைவின்றி வெயிலில் கிடந்தது. அது பொரிக்கவே இல்லை. மறுவருடம் அந்த மரம் வெறுமனே நின்றது. படம் நன்றாக வந்திருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு மாமா வீட்டு முன்னறையில் பல வருடம் மாட்டியிருந்தார்கள். அந்த மரத்தை அவருக்குக் காட்டியவள் நான்தான்.

படத்தால் பறவை கெட்ட கதை இது. படத்தால் பிழைத்த கதை நாகாலாந்தில் நடந்தது.

அமூர் வல்லூறு என்பது புறாவைவிடச் சிறிய வேட்டைப் பறவை. கிழக்குச் சைபீரியாவிலும் வடசீனத்திலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னாப்பிரிக்கப் பகுதிக்குப் பறந்து செல்கிறது. வழியில் அக்டோபர் மாதத்தில் நாகாலாந்தின் வோகா மாவட்டத்திலுள்ள தோயாங் அணை நீர்த்தேக்கத்தருகே இலட்சக்கணக்கில் இறங்கி, ஈசல்களைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ளும். பாங்தி கிராமத்தார் மீன்வலைகளை மரங்களுக்கிடையே கட்டி அவற்றைப் பிடித்து விற்று வந்தனர்.

2012 அக்டோபரில் பானோ ஹராலு என்ற பெண் பத்திரிகையாளர், ராம்கி ஸ்ரீனிவாசன், சஷாங்க் தால்வி, ரோகோஹேபி குவோட்சு ஆகியோருடன் அங்கே சென்று, வலையில் தொங்கிய பறவைகளையும், சிறகு பிடுங்கி விற்பனைக்குக் கொண்டு சென்றவற்றையும் படமெடுத்தார். பத்து நாட்களில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பறவைகள் கொல்லப்படுவதாக அவர்கள் மதிப்பிட்டனர். சென்னையின் வனவிலங்குப் படக்காரர் சேகர் தத்தாத்ரியும் ராம்கியும் தொடங்கிய 'கன்சர்வேஷன் இந்தியா' வழியாக அந்தக் காட்சி உலகெங்கும் பரவியது.

அதற்குப்பின் நடந்ததுதான் வியப்பு. பானோ ஹராலுவும் மற்றவர்களும் கிராமத்தாரைப் பகைத்துக்கொண்டு ஓடிவிடவில்லை. திரும்பப் போய் அவர்களுடன் உட்கார்ந்து பேசினார்கள். பிள்ளைகளுக்கு இயற்கைச் சங்கங்கள் தொடங்கினார்கள். கிராம மன்றம் வேட்டைக்குத் தடை போட்டது. 2013இல் பாங்தியில் வல்லூறு வேட்டை நின்றது. அவ்வாண்டு நவம்பரில் மூன்று பறவைகளின் முதுகில் ஐந்து கிராம் எடையுள்ள செயற்கைக்கோள் கருவிகளைப் பொருத்தி, நாகா, வோகா, பாங்தி என்று பெயரிட்டுப் பறக்கவிட்டார்கள். அவை இந்தியத் தீபகற்பத்தைத் தாண்டி, அரபிக்கடலை நிற்காமல் கடந்து ஆப்பிரிக்கா சேர்ந்தன. வலை கட்டிய கைகள் மறு ஆண்டே அப்பறவைகளைக் காவல் காத்தன. வருமானத்தை விட்டுக்கொடுத்த அந்த ஏழைக் குடும்பங்களைப் பாராட்டாமல், படமெடுத்தவரை மட்டும் பாராட்டுவது சரியல்ல என்பது என் எண்ணம்.

நம் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயங்களில் நுழையவும் படமெடுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். நம் மாவட்டத்து மேகமலையும் 2021 முதல் புலிகள் காப்பகத்தின் பகுதி. பிள்ளைகளை அழைத்துச் செல்லுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். பறக்கும் டிரோன் கருவியைக் கூட்டருகே அனுப்புவதும் கிளை வெட்டுவதற்குச் சமமே.

அந்த மாணவி இப்போது எட்டாம் வகுப்பு. கைப்பேசி வேண்டாம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறாள். தேதி, முதல் பருந்து எழும் நேரம், எந்தச் சரிவின்மேல், மேகம் உண்டா இல்லையா, இவை நான்கும் அதில் இருக்கின்றன. மூன்று இடத்தில் 'கருங்கழுகு' என்றெழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாள். மார்கழியில் பார்த்த ஒன்றுக்கு மட்டும் கேள்விக்குறி இல்லை. கால் மஞ்சளாகத் தெரிந்ததாம். "கூடு எந்த மரத்தில் டீச்சர்?" என்று போன வாரம் கேட்டாள். எனக்குத் தெரியும். இன்னும் சொல்லவில்லை.