கண்டியில் மறைந்த ஓடை மாத்தளைக்கு வருகிறது

கண்டிக் கடைத்தெருவில் நடந்துசெல்லும் ஒருவரிடம், "உங்கள் காலடியில் ஓர் ஓடை ஓடுகிறது" என்றால் அவர் நம்பமாட்டார். ஆனால் அதுதான் உண்மை. புவியியல் பாடத்துக்காக மலைநாட்டு நீரோட்டங்களை வரைபடத்தில் குறித்தபோதுதான் நானும் அதை அறிந்துகொண்டேன்.

கண்டி வாவி இருக்குமிடம் முன்னர் ஓடை பாய்ந்த வயல்நிலம். 1807ஆம் ஆண்டில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னன் அங்கே அணை கட்டத் தொடங்கினான். வாவி உருவானாலும் ஓடை நின்றுவிடவில்லை. வாவி நிரம்பி வழியும் நீர் நகரின் அடியிலுள்ள சுரங்கக் கால்வாயில் புகுந்து, அப்பால் 'மெத எல' என்னும் பெயரில் வெளிப்பட்டு, மகாவலி கங்கையில் கலக்கிறது.

ஓடையை மூடினால் என்ன நேரும்? சூரிய ஒளி படாததால் நீர்த்தாவரங்கள் வளரா. கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஒட்சிசனைத் தீர்த்துவிடும். அடைப்பு ஏற்பட்டாலும், மழைநாளில் தெருவில் வெள்ளம் ஏறிய பின்னரே தெரியவரும். எல்லாவற்றிலும் மேலாக, கண்ணில் படாத நீரை எவரும் நீராக மதிப்பதில்லை. அது வெறும் வடிகானாகிவிடுகிறது. நகரக் கழிவுநீர் கலந்து மெத எல மாசடைந்தது இப்படித்தான்.

"அது கண்டியின் பிரச்சினை, நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். வரைபடத்தில் விரலை வைத்து அந்த நீரைப் பின்தொடர்ந்து பாருங்கள். மகாவலி கண்டியை வளைத்துக்கொண்டு பொல்கொல்லையை அடைகிறது. அங்கே 1976ஆம் ஆண்டு முதல் ஆற்றுநீரின் ஒரு பகுதி திசைதிருப்பப்படுகிறது. மலையைக் குடைந்து அமைத்த ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கவழியே அது உக்குவளை நீர்மின் நிலையத்துக்கு வருகிறது. 40 மெகாவாற்று வலுவுள்ள அந்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றிவிட்டுச் சுது கங்கையில் சேர்கிறது. ஆம், நம் மாத்தளை நகரினூடாகப் பாயும் அதே சுது கங்கைதான்! பின்னர் அது போவத்தென்ன நீர்த்தேக்கத்தை அடைந்து, வடமத்திய மாகாண வயல்களுக்கும் போய்ச் சேர்கிறது. கண்டியில் ஒருவர் கண்மறைவாக எறிந்தது, மலையைக் கடந்து நம்மிடம் வரக்கூடும். நாம் எறிவதோ இன்னொருவரின் வயலுக்குப் போகும்.

மூடிய ஓடையை மீட்க முடியாதா? தென்கொரியத் தலைநகர் சியோலில் சொங்கேசொன் ஓடையைக் கொங்கிறீற்றால் மூடி, அதன்மேல் நெடுஞ்சாலைப் பாலமும் கட்டியிருந்தார்கள். 2003இல் பாலத்தை இடிக்கத் தொடங்கி, 2005இல் 5.8 கிலோமீற்றர் நீளத்துக்கு ஓடையைத் திறந்துவிட்டார்கள். மீன்களும் பறவைகளும் திரும்பின. சுற்றுப்புற வெப்பமும் தணிந்தது. ஆனாலும் பழைய ஊற்றுநீர் போதவில்லை. நாள்தோறும் சுமார் 120,000 தொன் நீரைப் பெரும்பாலும் ஹான் ஆற்றிலிருந்து இறைத்துத்தான் அந்த ஓடையை ஓடவைக்கிறார்கள். மீட்கலாம், ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. திறந்திருக்கும்போதே காப்பதுதான் எளிது.

சுது கங்கை இன்னும் நம் கண்முன்னே ஓடுகிறது. தோழியரே, உங்கள் வீட்டருகே உள்ள வடிகான் எங்கே போய்ச் சேர்கிறது என்று பெற்றோருடன் நடந்து பாருங்கள். "முன்பு இங்கே ஓடை இருந்ததா?" என்று வாப்பும்மாவிடமும் உம்மும்மாவிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு தாளில் படமாக வரைந்து வையுங்கள். ஓர் ஓடை மண்ணுக்குள் மறைவதற்கு முன்னர் மனிதரின் நினைவிலிருந்துதான் மறைகிறது. அந்த நினைவைக் காப்பது நம்மால் முடிந்த வேலை.